சமையலறைத் தீ, மறுக்கப்பட்ட க்ளெய்ம்: ஏஜென்சி மீதும் காப்பீட்டு நிறுவனங்கள் மீதும் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. நியூஜெர்சி எடிசனில் எல்எல்சி, அதாவது பங்குதாரர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரில் உணவகம் நடத்துகிறீர்கள், பங்குதாரர்கள் மூன்று பேர். சமையலறைத் தீயில் 4 லட்சத்து 10 ஆயிரம் டாலர் நஷ்டம். அடுப்புப் புகையை இழுத்து வெளியேற்றும் ஹுட், டக்ட் இரண்டையும் சுத்தம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று சொத்துக் காப்பீட்டு நிறுவனம் க்ளெய்மை மறுத்துவிட்டது. புகையால் சரக்கு கெட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் 45 ஆயிரம் டாலர் கேட்டு அனுப்பிய கடிதத்தை பாலிசிகளை வாங்கித் தந்த, நியூயார்க்கில் உள்ள உங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்சிக்கு அன்றே அனுப்பினீர்கள். அது ஐந்து மாதம் அங்கேயே கிடந்தது. தாமதமாகத் தெரிவித்தீர்கள் என்று லயபிலிட்டி பாலிசி, அதாவது உங்களால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான பாலிசி தந்த இன்னொரு நிறுவனமும் கைவிரித்துவிட்டது. மூவரையும் ஃபெடரல் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்கிறார் வக்கீல், இது சரியா என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: எந்த நீதிமன்றம், யார் மீது என்ன குற்றச்சாட்டு. முதல் கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்குப் பாலிசியின் முழுப் பிரதியைப் படிக்காமல் யாரும் வெற்றி வாய்ப்பு இவ்வளவு என்று சொல்லக் கூடாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும்.

அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் மாநிலங்களின் கையில் இருக்கிறது. 1945-இன் மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதி செய்தது. அதனால் உங்கள் வழக்கில் ஃபெடரல் சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை. ஃபெடரல் நீதிமன்றத்துக்குள் நுழைய ஒரே வழி, வாதியும் பிரதிவாதிகளும் வெவ்வேறு மாநிலத்தவர்கள் என்பதும், கேட்கும் தொகை 75 ஆயிரம் டாலருக்கு மேல் என்பதும்தான். வாதித் தரப்பில் ஒருவரும் பிரதிவாதித் தரப்பில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருந்துவிட்டால்கூட வழி அடைபட்டுவிடும். 1806-இல் ஸ்ட்ராபிரிட்ஜ் எதிர் கர்ட்டிஸ் வழக்கிலிருந்து இதுதான் விதி. அப்படியே உள்ளே போனாலும், 1938-இன் ஈரி வழக்குத் தீர்ப்பின்படி அந்த நீதிபதி பயன்படுத்தப்போவது மாநிலச் சட்டத்தைத்தான். ஃபெடரல் என்பதால் சட்டம் உங்களுக்குச் சாதகமாக மாறிவிடாது.

பலர் இடறுவது எல்எல்சி விஷயத்தில். கார்ப்பரேஷனுக்குப் பதிவான மாநிலமும் தலைமை அலுவலகம் இருக்கும் மாநிலமும் சொந்த மாநிலங்கள். எல்எல்சிக்கு அப்படித் தனி மாநிலம் கிடையாது. ஒவ்வொரு பங்குதாரரும் எந்த மாநிலக் குடியோ, எல்எல்சியும் அத்தனை மாநிலங்களின் குடி. பங்குதாரர் இன்னொரு எல்எல்சி என்றால் அதற்குள்ளும் போய், கடைசி மனிதர் வரை பார்க்க வேண்டும். உங்கள் மூவரில் நீங்கள் அமெரிக்கக் குடிமகன், இன்னொருவர் கிரீன் கார்டு வைத்திருக்கிறார், மூன்றாமவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் சென்னைக்கே திரும்பிவிட்டார் என்கிறீர்கள். இந்த மூன்றாமவர்தான் சிக்கல். வெளிநாட்டில் நிரந்தரமாகக் குடியமர்ந்த அமெரிக்கக் குடிமகன் எந்த மாநிலத்தையும் சேர்ந்தவர் அல்ல, வெளிநாட்டவரும் அல்ல. அவர் ஒரு தரப்பில் இருந்தாலே இந்த வழி மூடிவிடும் என்று 1989-இல் நியூமன்-க்ரீன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒரே ஒரு விதிவிலக்கு: அவர் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறார், எடிசன் வீட்டுக்குத் திரும்பும் எண்ணம் உண்மையிலேயே இருக்கிறது, வீடு, ஓட்டுநர் உரிமம், வரிக் கணக்கு எல்லாம் இன்னும் நியூஜெர்சியில்தான் என்றால், அவருடைய குடி நியூஜெர்சிதான் என்று வாதிடலாம். எண்ணத்தைச் சான்றுகளால் காட்ட வேண்டும், வாய்ச்சொல் போதாது.

கிரீன் கார்டுக்காரர் விஷயம் வேறு மாதிரி. சட்டப்படி அவர் இன்னும் வெளிநாட்டுக் குடிமகன், எனவே நியூயார்க்காரர் மீது வழக்குப் போடத் தடையில்லை. ஆனால் அவர் வசிக்கும் நியூஜெர்சியைச் சேர்ந்த ஒருவர் எதிர்த்தரப்பில் இருந்தால் நுழைய முடியாது. எதிர்த்தரப்பிலும் ஒரு வெளிநாட்டுக் குடிமகன் இருந்தால் இன்னொரு சிக்கல் வரலாம். நியூயார்க் ஏஜென்சியும் எல்எல்சி என்றால், அதன் பங்குதாரர்களில் ஒருவர் இந்தியக் குடிமகனா, ஒருவர் ஹட்சன் நதியைத் தாண்டி ஜெர்சி சிட்டியில் வசிக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். நம்மவர்கள் நடத்தும் ஏஜென்சிகளில் இரண்டுமே சர்வசாதாரணம். 2022 டிசம்பர் 1 முதல், இத்தகைய வழக்குகளில் ஒவ்வொரு தரப்பும் தன் குடி விவரத்தை எழுத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று சிவில் நடைமுறை விதி 7.1 சொல்கிறது. ஆகவே ஆரம்பத்திலேயே இது வெளிவரும்.

வெளிவராமல் போனால் இன்னும் மோசம். அதிகாரம் இல்லாத நீதிமன்றம் தந்த தீர்ப்பு, எல்லாரும் சம்மதித்திருந்தாலும் நிற்காது. பெல்வில் கேட்டரிங் என்ற உணவு நிறுவனத்தின் வழக்கில் ஜூரி தீர்ப்பு வந்து, மேல்முறையீடு வரை போனபிறகு, எல்எல்சியைக் கார்ப்பரேஷன் போலக் கணக்கிட்டிருந்ததை ஏழாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கவனித்தது. 2003-இல் தீர்ப்பு முழுவதும் ரத்தானது. மாநில நீதிமன்றத்தில் மறுபடி நடத்த வேண்டிய வழக்குக்கு இரு தரப்பு வக்கீல்களும் கட்டணம் வாங்கக் கூடாது என்ற அளவுக்கு நீதிபதிகள் எழுதினார்கள். வழக்குப் போட்டபிறகு சென்னைப் பங்குதாரரை எல்எல்சியிலிருந்து விலக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாக்கல் செய்த நாளில் நிலைமை என்னவோ அதுதான் கணக்கு என்று 2004-இல் க்ரூப்போ டேட்டாஃப்ளக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தொகையிலும் ஒரு பொறி உண்டு. ஒரே பிரதிவாதி மீதுள்ள பல கோரிக்கைகளைக் கூட்டி 75 ஆயிரத்தைத் தாண்டலாம். தனித்தனிப் பொறுப்புள்ள பல பிரதிவாதிகளின் தொகைகளைக் கூட்ட முடியாது. சொத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்பது 4 லட்சத்துக்கு மேல், அதில் கவலை இல்லை. லயபிலிட்டி நிறுவனத்திடம் கேட்பது பக்கத்துக் கடையின் 45 ஆயிரமும் அந்த வழக்கை எதிர்கொள்ளும் வக்கீல் செலவும். இரண்டும் சேர்ந்து வரம்பைத் தாண்டும் என்று காட்டினால்தான் அந்த நிறுவனம் உங்களோடு ஃபெடரல் நீதிமன்றத்தில் நிற்கும்.

ஆக, நீங்கள் தந்த விவரப்படி சரியான இடம் நியூ பிரன்ஸ்விக்கில் உள்ள மிடில்செக்ஸ் கவுண்டி சுப்பீரியர் நீதிமன்றம். இதில் உங்களுக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. அங்கே சிவில் ஜூரி ஆறு பேர், ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் தீர்ப்பு. ஃபெடரலில் ஒருமனதாக வர வேண்டும். சாட்சி விசாரணைக்கே போகாமல் ஆவணங்களைப் பார்த்து முடிக்கும் சம்மரி ஜட்ஜ்மென்ட் ஃபெடரலில் எளிதாகக் கிடைக்கும் என்று காப்பீட்டுத் தரப்பு வக்கீல்கள் நம்புகிறார்கள், அதனால்தான் அவர்கள் வழக்கமாக அங்கே மாற்றப் பார்ப்பார்கள். வழக்குப் பிரதி கிடைத்த 30 நாளுக்குள் மாற்ற வேண்டும், அப்படிப் பிரதி முறையாகக் கிடைத்த எல்லாப் பிரதிவாதிகளும் சம்மதிக்க வேண்டும். மாற்றினால், நடைமுறைக் குறை எதுவானாலும் 30 நாளுக்குள் ஆட்சேபித்துத் திருப்பி அனுப்பக் கேளுங்கள், அந்த நாள் போனால் அந்த உரிமை போய்விடும். அதிகாரமே இல்லை என்ற ஆட்சேபத்தை மட்டும் எப்போதும் எழுப்பலாம். உங்கள் எல்எல்சியின் பங்குதாரர் நிலையே இங்கே உங்களுக்குக் கேடயம்: நீங்களே உள்ளே போக முடியாத இடத்துக்கு அவர்களும் உங்களை இழுத்துப்போக முடியாது. எந்த நீதிமன்றமானாலும் எல்எல்சி தானாக வாதாட முடியாது, வக்கீல் மூலமாகத்தான் வர வேண்டும்.

இனி யார் மீது என்ன. உங்கள் வழக்கில் இரண்டு வாதங்கள் எதிரெதிராக இழுக்கும். நிறுவனத்திடம் நீங்கள் சொல்வது "பாலிசியில் இது அடங்கும், பணம் கொடு". ஏஜென்சியிடம் சொல்வது "இது அடங்காத பாலிசியை என் தலையில் கட்டினாய்". ஒன்றை உரக்கச் சொன்னால் மற்றது பலவீனமாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். மாற்று வாதங்களாக, முரண்பட்டாலும், இரண்டையும் ஒரே வழக்குரையில் வைக்க இரண்டு நீதிமன்றங்களும் அனுமதிக்கின்றன. ஆபத்து வழக்குரையில் இல்லை, உங்கள் மின்னஞ்சல்களில் இருக்கிறது. "எங்களுக்குக் கவரேஜ் இல்லை என்று தெரியும், உங்கள் தப்பால்தான்" என்று ஏஜென்சிக்குக் கோபத்தில் எழுதிய ஒரு வரியைச் சொத்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் ஜூரிக்குப் படித்துக்காட்டுவார். இன்றிலிருந்து அப்படி எதுவும் எழுதாதீர்கள்.

சொத்துப் பாலிசியில் முதலில் தேட வேண்டியது "ப்ரொடெக்டிவ் சேஃப்கார்ட்ஸ்" என்ற இணைப்பு. காப்பீட்டு நிறுவனங்களுக்கு மாதிரிப் படிவங்கள் தயாரித்துத் தரும் ஐஎஸ்ஓ அமைப்பின் வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: அட்டவணையில் சொன்ன பாதுகாப்புச் சாதனத்தை முழு இயங்கு நிலையில் வைத்திருக்கத் தவறினாலோ, அது பழுதென்று தெரிந்தும் தெரிவிக்காவிட்டாலோ, தீ நஷ்டத்துக்குப் பணம் இல்லை. கேள்வி அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். சமையல் ஹுட்டும் அதன் தீயணைப்பு அமைப்பும் மட்டும் பெயர் சொல்லப்பட்டு, அந்த அமைப்பு தீயின்போது தானாகத் திறந்து வேலை செய்திருந்தால், சுத்தம் செய்த ரசீது இல்லை என்பது அமைப்பு இயங்கவில்லை என்பதற்குச் சமமல்ல. சுத்தம் செய்யும் ஒப்பந்தமே தனி வரியாக எழுதப்பட்டிருந்தால் உங்கள் நிலை கஷ்டம். தீ ஹுட்டில் ஆரம்பிக்காமல், உதாரணமாக வாக்-இன் கூலரின் மின்கம்பியில் ஆரம்பித்திருந்தால் இந்த நிபந்தனை பொருந்துமா என்பது உண்மையிலேயே சர்ச்சைக்குரியது. வாசகம் காரணத் தொடர்பைக் கேட்கவில்லை, உங்கள் வக்கீல் பாலிசிதாரரின் நியாயமான எதிர்பார்ப்புக்கு ஏற்பப் பாலிசியைப் படிக்க வேண்டும் என்ற கோட்பாட்டை வைத்து வாதாட வேண்டியிருக்கும். விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்கும் பாரம் நிறுவனத்தினுடையது என்பது மட்டும் உறுதி.

வணிகச் சமையலறைகளின் தீப் பாதுகாப்புக்கான என்எஃப்பிஏ 96 தரத்தின்படி தீயணைப்பு அமைப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்ய வேண்டும். எண்ணெய்ப் படிவுக்கான பரிசோதனை இடைவெளி சமையலைப் பொறுத்தது: சாதாரண அளவு சமையலுக்கு ஆறு மாதம், அதிக அளவுக்கு மூன்று மாதம், கரி அல்லது விறகு எரித்தால் மாதம் ஒருமுறை. உங்களிடம் கரித் தந்தூர் இருந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், ஆறு மாத ரசீது வைத்திருந்தாலும் எதிர்த்தரப்பு நிபுணர் அங்கேதான் கை வைப்பார். விண்ணப்பத்தில் கேஸ் அடுப்பு மட்டும் என்று எழுதப்பட்டிருந்தால், பொய்த் தகவல் என்று சொல்லிப் பாலிசியையே ரத்து செய்யவும் பார்ப்பார்கள். அந்த விண்ணப்பத்தை, அதாவது அகார்ட் 125, 140 என்ற பொதுவான காப்பீட்டு விண்ணப்பப் படிவங்களையும் உணவகத்துக்கான துணைப் படிவத்தையும், யார் நிரப்பினார்கள் என்பதுதான் ஏஜென்சி மீதான வழக்கின் நடுத்தூண்.

ஏஜென்சி விஷயத்தில் நியூஜெர்சி உங்களுக்கு நல்ல மாநிலம். பல மாநிலங்களில் கேட்டதை வாங்கித் தருவதோடு ஏஜென்ட்டின் கடமை முடிந்துவிடும். இங்கே 1964-இன் ரைடர் எதிர் லிஞ்ச் தீர்ப்பு முதல், தேவையை அறிந்து பொருத்தமான பாலிசியைத் தேர்ந்தெடுக்கும் திறமையையும் நேர்மையையும் எதிர்பார்க்கிறார்கள். "பாலிசி கையில் இருந்ததே, படித்திருக்க வேண்டாமா" என்ற வழக்கமான பதிலை வைத்து உங்கள் மீது பாதிப் பழி போட முடியாது என்று 2001-இல் ஏடன் எதிர் ஃபோர்ட்ஷ் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. போன ஆண்டு ஏஜென்சி உங்களைப் பழைய நிறுவனத்திலிருந்து புதியதற்கு மாற்றியது என்றீர்கள். பழைய பாலிசியில் இந்த இணைப்பு இல்லை, புதியதில் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை என்றால், அதுவே உங்கள் வலுவான வாதம். ஆனால் இழப்பைக் காட்ட இன்னொரு படி தேவை: அந்த இணைப்பு இல்லாத பாலிசி அன்றைய சந்தையில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் என்றோ, சொல்லியிருந்தால் ஹுட்டைச் சுத்தம் செய்து நிபந்தனையை நிறைவேற்றியிருப்பீர்கள் என்றோ நிரூபிக்க வேண்டும். முதலாவதற்கு அண்டர்ரைட்டிங், அதாவது எந்த ஆபத்துக்கு எந்த நிபந்தனையில் பாலிசி தருவது என்று தீர்மானிக்கும் துறையின் நிபுணர் வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் எளிது, அதையே முன்னால் வையுங்கள்.

இதில் வழக்குகள் செத்துப்போகும் இடம் அஃபிடவிட் ஆஃப் மெரிட். ஏஜென்சியின் தொழில் கவனக்குறைவைக் குற்றம்சாட்டினால், அதே தொழிலில் உரிமம் பெற்ற ஒருவர் தவறு நடந்திருக்க நியாயமான சாத்தியம் உண்டு என்று சத்தியம் செய்து தர வேண்டும். நியூஜெர்சிச் சட்டம் டாக்டர், பொறியாளர்களோடு இன்ஷூரன்ஸ் ப்ரொட்யூசரையும், அதாவது ஏஜென்ட்டையும், அந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. ஏஜென்சி பதிலுரை தாக்கல் செய்த 60 நாளுக்குள் இது வர வேண்டும், நீதிமன்றம் இன்னும் 60 நாள் தரலாம், அதற்குமேல் வழக்கு தள்ளுபடி. ஃபெடரல் நீதிமன்றத்திலும் இது பொருந்தும் என்று மூன்றாவது சர்க்யூட் 2000-இல் சொன்னது. ஆனால் டெலவேரின் இதுபோன்ற சட்டம் ஃபெடரல் நீதிமன்றத்தில் பொருந்தாது என்று 2026 ஜனவரியில் பெர்க் எதிர் சாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நீதிமன்றமானாலும் அஃபிடவிட்டை முன்கூட்டியே வாங்கி வைப்பதே பிழைக்கும் வழி, ஏனென்றால் ஃபெடரலில் தொடங்கும் வழக்கு மாநிலத்துக்குத் திரும்பி வரலாம்.

இரண்டு மறுப்புகளில் லயபிலிட்டி நிறுவனத்தின் மறுப்புதான் பலவீனமானது என்பது என் கணிப்பு. தாமதம் மட்டும் போதாது, அதனால் தங்களுக்குக் கணிசமான பாதிப்பு நேர்ந்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும் என்பது 1968 முதல், கூப்பர் வழக்கிலிருந்து நியூஜெர்சியின் நிலை. பக்கத்துக் கடைக்காரர் இன்னும் வழக்கே போடவில்லை என்றால் அந்தப் பாதிப்பைக் காட்டுவது கடினம். ஏஜென்சி அந்த நிறுவனத்தால் நியமிக்கப்பட்ட ஏஜென்ட்டா என்றும் பாருங்கள். நியமிக்கப்பட்டிருந்தால், அவர்களிடம் கொடுத்த அன்றே நிறுவனத்திடம் கொடுத்ததாக வாதிடலாம். இன்னொரு வேறுபாடு: லயபிலிட்டி பாலிசி மீது ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தை நிறுவனத்திடமிருந்து வசூலிக்க மாநில விதி இடம் தருகிறது. சொத்துப் பாலிசிக்கு அது பொருந்தாது. சொத்துக் காப்பீட்டு நிறுவனம் கெட்ட நோக்கத்தில் மறுத்தது என்று கூடுதல் இழப்பீடு கேட்பது 1993-இன் பிக்கெட் எதிர் லாயிட்ஸ் விதியில் பெரும்பாலும் அடிபடும். மறுப்பு நியாயமாக விவாதிக்கத்தக்கது என்றாலே அந்தக் கோரிக்கை விழுந்துவிடும்.

நாள் கணக்கை இன்றே எழுதி வையுங்கள். ஏஜென்சி மீதான கவனக்குறைவுக்கு ஆறு ஆண்டு இருக்கிறது. சொத்துப் பாலிசிக்குள் அதைவிடக் குறுகிய கெடு இருக்கும். ஐஎஸ்ஓ படிவத்தில் நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு, சில பாலிசிகளில் பன்னிரண்டே மாதம். நீங்கள் தகவல் தந்த நாள் முதல் முறையான மறுப்புக் கடிதம் வரும்வரை கடிகாரம் நிற்கும் என்று 1970-இல் பெலோசோ வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபரிசீலனை செய்யச் சொல்லி நீங்கள் எழுதும் கடிதங்களால் அது மறுபடி நிற்கும் என்று எண்ணாதீர்கள். இந்தக் கால வித்தியாசத்தால் நடைமுறையில் ஒரு நல்ல வழி பிறக்கிறது: நிறுவனங்கள் மீது இப்போது வழக்கு, ஏஜென்சியோடு டோலிங் அக்ரிமென்ட், அதாவது காலக்கெடுவை நிறுத்திவைக்கும் எழுத்து ஒப்பந்தம். ஏஜென்சியின் ஆட்கள் உங்கள் பக்கச் சாட்சியாக வரக்கூடும், அஃபிடவிட் கெடுவும் தள்ளிப்போகும். அவர்கள் கையெழுத்திட மறுத்தால் சேர்த்தே வழக்குப் போடுங்கள். சேர்க்காமல் விட்டால், பின்னால் சேர்க்கப்படக்கூடியவர் என்று முதல் வழக்குரையின் சான்றிதழிலேயே ஏஜென்சியின் பெயரைக் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் பிறகு அவர்கள் மீதான வழக்கு நிராகரிக்கப்படும் ஆபத்து உண்டு.

ஏஜென்சிக்கு இப்போதே எழுத்தில் கோரிக்கை அனுப்பி, அவர்களுடைய தொழில்பிழைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். அந்தப் பாலிசிகள் பெரும்பாலும் க்ளெய்ம்ஸ்-மேட் வகை, பாலிசி நடப்பில் இருக்கும்போது கோரிக்கை வந்தால்தான் பணம். ஏஜென்சி அடுத்த வருடம் கடையை மூடிவிட்டால் நீங்கள் ஜெயித்தும் வசூலிக்க ஆளிருக்காது. அதே கடிதத்தில், உங்கள் கணக்கின் ஏஜென்சி மென்பொருள் பதிவுகளை அழிக்கக் கூடாது என்று எழுதுங்கள். யார், எந்த நாளில், எந்தப் பெட்டியில் எதை மாற்றினார்கள் என்ற தடம் அதில்தான் இருக்கும். மின்னஞ்சலில் இல்லாத உண்மை பலமுறை அங்கே கிடைக்கும்.

கடைசியாக, கட்டட உரிமையாளர் இடத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி நெருக்குகிறார் என்று எழுதியிருந்தீர்கள். ஹுட், டக்ட், தீயணைப்பு சிலிண்டர், தெளிப்பு முனைகள், சூட்டில் உருகி அமைப்பை இயக்கும் உருகு இணைப்புகள், தீ தொடங்கியதாகச் சொல்லப்படும் கருவி எதையும் குப்பைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு நிறுவனங்களுக்கும் ஏஜென்சிக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் தேதி குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பி, அவரவர் நிபுணர்கள் முன்னிலையில் படமெடுத்து, குறிச்சீட்டு ஒட்டி, பூட்டிய சேமிப்பறையில் வையுங்கள். அமைப்பு வேலை செய்ததா என்ற கேள்விக்கு அந்தச் சிலிண்டரின் எடையும் உருகிப்போன இணைப்பும் தரும் பதிலை வேறு எந்தச் சாட்சியாலும் தர முடியாது.